முதுகுப் பிடிப்புக்கு மெல்லிய ஆசனம் எது? பச்சிமோத்தாசனம் செய்து மாட்டிக்கொண்டேன்

வேளச்சேரி ஏரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். வயது 41. கிண்டியில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை. மார்ச் மாதம் எங்களுக்கு எப்படிப் போகும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலை 10 மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால், முதுகு என்று ஒன்று இருப்பதே இரவு 9 மணிக்குத்தான் நினைவுக்கு வரும். தோள்பட்டைகளுக்கு நடுவே யாரோ கட்டைவிரலை ஊன்றி அழுத்துவதுபோல ஓர் இறுக்கம் சில மாதங்களாகவே இருந்தது. பொருட்படுத்தவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கித் திரும்பிக் கவிழ்க்கப் போனேன். தூக்கியபோது ஒன்றுமில்லை. திரும்பிய இடத்தில்தான் இடுப்பில் சுரீர் என்றது. கேனைக் கீழே விட்டுவிட்டேன். கூடமெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு நடுவில் ஃபிரிஜ்ஜைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன்.

மருத்துவர் பார்த்துவிட்டு, தசைப்பிடிப்புதான், ஸ்கேன் தேவையில்லை என்றார். ஐந்து நாள் மாத்திரை. "படுத்தே கிடக்காதீர்கள், நடங்கள், வலி குறைந்ததும் எளிய யோகா ஏதாவது செய்யுங்கள்" என்றார். எளிய என்ற சொல்லை நான் விளங்கிக்கொண்ட விதத்தில்தான் கோளாறு. கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்தேன். அதில் வருகிறவர் காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து, நெற்றியை முழங்காலில் வைத்துவிட்டுப் புன்னகையும் செய்கிறார். நானும் விடியற்காலை 5:30 மணிக்கு எழுந்து செய்து பார்த்தேன். கால்விரலுக்கும் கைவிரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. நான்காம் நாள் பாதத்தில் துண்டைச் சுற்றி இழுத்தேன். பிடித்துக்கொண்டது. மனைவி வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

இப்போது வலி பெரும்பாலும் போய்விட்டது. இறுக்கம் மட்டும் இருக்கிறது. உண்மையிலேயே மெல்லியதாக, என்னைப் போன்ற மரக்கட்டைகள் செய்யக்கூடிய ஆசனம் ஏதேனும் உண்டா? எப்போது செய்வது, எத்தனை முறை?

ஒத்தடம்

தண்ணீர் கேனுக்கு இந்த ஊரில் ஒரு சிலை வைக்க வேண்டும். எனக்கும் அதுதான், 2019 கோடையில். வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுங்கள். ஆசனமெல்லாம் அப்புறம். எங்கள் ஊர்ப்பக்கம் பிறக்கும்போது கால் முதலில் வந்தவரைக் கூப்பிட்டு இடுப்பை மிதிக்கச் சொல்வார்கள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள், ஒருமுறை பட்டிருக்கிறேன்.

மந்தைவெளிப் பாட்டி

தம்பி, துண்டைச் சுற்றி இழுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்கே இடுப்பு வலித்தது.

எனக்கு 67 வயது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் பதினொரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நான் கற்றது கிருஷ்ணமாச்சாரியார் வழி. மைசூர் அரண்மனையில் கற்பித்தவர் 1950-களில் சென்னைக்கு வந்து, 1989-இல் நூறு வயதில் காலமாகும்வரை இங்கேதான் இருந்தார். உலகமெங்கும் பெயர்பெற்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் மைசூர்க் காலத்தில் அவரிடம் கற்றவர்கள். மகன் தேசிகாச்சார் 1976-இல் தந்தையின் பெயரால் இங்கே யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வழியில் முதலில் சொல்லித் தருவது, ஆசனத்துக்கு ஏற்ப ஆளை வளைக்காதே, ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்று என்பதுதான். உங்கள் காணொளிக்காரர் தன் உடம்புக்கு ஏற்றதைச் செய்கிறார். அவருக்கு உங்களைத் தெரியாது.

உங்களுக்குச் சக்ரவாகாசனம் சரியாக இருக்கும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். குழந்தை தவழ நிற்கிற நிலைதான். பாயைப் போட்டு, மடித்த போர்வையை முழங்காலுக்கு அடியில் வையுங்கள். உள்ளங்கைகள் தோளுக்கு நேர்கீழே, முழங்கால்கள் இடுப்புக்கு நேர்கீழே. மூச்சை இழுக்கும்போது நெஞ்சை மெல்ல முன்னே கொண்டுவாருங்கள். தலையை அண்ணாந்து தூக்க வேண்டாம். மூச்சை விடும்போது அடிவயிறு உள்ளே போகட்டும், அதன்பின்னே கீழ்முதுகு சற்று வளையட்டும், பிறகு இடுப்பு பின்னால் குதிகாலை நோக்கிப் போகட்டும். கை இருந்த இடத்திலேயே இருக்கும். குதிகாலில் உட்கார முடியவில்லையா, பாதி வழியில் நின்றுவிடுங்கள். மறுபடி மூச்சோடு முன்னே. ஆறு முறை போதும்.

ஒரே ஒரு நுணுக்கம், அதைத்தான் யாரும் சொல்வதில்லை. முதலில் மூச்சு புறப்பட வேண்டும், உடம்பு அதன் பின்னால் புறப்பட வேண்டும். உடம்பு நின்றபிறகுதான் மூச்சு முடிய வேண்டும். தேருக்கு முன்னும் பின்னும் வடம் இருப்பதுபோல. மூச்சு தீர்ந்தும் உடம்பு போய்க்கொண்டிருந்தால், நீங்கள் அதிகமாகச் செய்கிறீர்கள் என்று பொருள். அளவுகோல் வேறு தேவையில்லை.

சந்தேகப்பிராணி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தசைப்பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த நேரத்தில் ஒருவர் யோகா செய்தால் யோகாவுக்குப் பெயர், உப்பு ஒத்தடம் கொடுத்தால் உப்புக்குப் பெயர், ஒன்றும் செய்யாமல் கிரிக்கெட் பார்த்தால் மட்டும் கிரிக்கெட்டுக்குப் பெயர் கிடைப்பதில்லை.

கணுக்கால்

இயன்முறை மருத்துவர், தாம்பரம் பக்கம். சந்தேகப்பிராணி சொல்வதில் பாதி சரி. புதிதாக வந்த பிடிப்பு பெரும்பாலும் தானாகவே அடங்கும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதும், திரும்பத் திரும்ப வருவதும் வேறு கதை. அதற்கு அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே மாத்திரைக்கு முன்னால் முயலவேண்டியவற்றில் உடற்பயிற்சியோடு யோகாவையும் சேர்த்திருக்கிறது. மந்திரம் என்று யாரும் சொல்லவில்லை.

வேளச்சேரி நண்பருக்கு ஏன் பிடித்துக்கொண்டது என்று பார்ப்போம். இரண்டு காரணம்.

முதலாவது நேரம். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுகள் இரவு நாம் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால்தான் எல்லோரும் மாலையைவிடக் காலையில் ஒரு சென்டிமீட்டருக்கும் கூடுதலாக உயரமாக இருக்கிறோம் (கல்யாணத் தரகரிடம் காலை அளவைக் கொடுங்கள்). உப்பிய தட்டோடு எழுந்த கையோடு முழுக்கக் குனிந்தால் அதன்மேல் விழும் அழுத்தம் மாலையில் குனிவதைவிட மிக அதிகம். எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டுக் குனிவது நல்லது. நீங்கள் 5:30 மணிக்குக் குனிந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது தொடையின் பின்தசை. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு அது இறுகிப்போயிருக்கும். காலை நீட்டி உட்கார்ந்தால் அந்தத் தசை இடுப்பெலும்பைப் பின்னால் இழுத்துப் பூட்டிவிடும். இடுப்பு மடங்காதபோது குனிகிற வேலை முழுவதும் கீழ்முதுகின் ஐந்து முள்ளெலும்புகளின் தலையில் விழுகிறது. போதாக்குறைக்குத் துண்டு வேறு. தசையை வெடுக்கென்று இழுத்தால் அது தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் சுருங்கும். மந்தைவெளி அம்மா சொல்கிற மெதுவான மூச்சுக்கு அங்கேதான் பயன்.

திருவல்லிக்கேணித் திண்ணை

ஆசனம் என்றால் பிரம்ம முகூர்த்தம், வெறும் வயிறு. அதுதான் முறை. மாலையில் செய்யலாம் என்பதெல்லாம் வசதிக்காகச் சொல்வது. என் தகப்பனார் 80 வயதுவரை விடியற்காலை நான்கு மணிக்குத்தான் செய்தார். ஒரு நாள் முதுகு வலி என்று உட்கார்ந்ததில்லை.

கணுக்கால்

ஐயா, உங்கள் தகப்பனார் பத்து வயதில் தொடங்கியிருப்பார். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார், கிணற்றில் நீர் இறைத்திருப்பார். இவர் நாற்பதில் தொடங்குகிறார், அதுவும் மார்ச் முடிந்து. வெறும் வயிறு என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அதற்கு மாலை 6 மணியும் பொருந்தும், அலுவலகத்தில் பஜ்ஜி சாப்பிடாவிட்டால்.

மந்தைவெளிப் பாட்டி

திண்ணை ஐயா, நானும் விடியலில்தான் செய்கிறேன். ஆனால் எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு, காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பாயை விரிப்பேன். அதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். முறை தவறவில்லை.

அடுக்களைச் சன்னல்

எனக்கு முழங்கால் ஊன்ற முடியாது, மணிக்கட்டும் வலிக்கும். அம்மா சொன்னதைப் படித்துவிட்டு ஏக்கமாக இருக்கிறது. எனக்கு வேறு வழி உண்டா? இருப்பது மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி. வீட்டில் பாய் விரிக்கும் இடத்தில் மாமியாரின் கட்டில் இருக்கிறது.

மந்தைவெளிப் பாட்டி

கண்ணம்மா, சமையல் மேடை இருக்கிறதே. அதன் விளிம்பில் இரண்டு கையையும் வைத்துவிட்டு, கை நீளும்வரை பின்னால் நடந்துபோங்கள். முழங்காலைச் சற்று மடித்தே வையுங்கள். மூச்சு விடும்போது இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். முதுகு மேடைக்கு இணையாக வந்தால் சரி, வராவிட்டாலும் சரி. மூச்சு இழுக்கும்போது மேலே வாருங்கள். குக்கரை ஏற்றிவிட்டுத் தொடங்கினால் முதல் விசிலுக்குள் முடிந்துவிடும்.

இரவில் கட்டிலிலேயே அபானாசனம் செய்யலாம். மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் மடித்து, ஒவ்வொன்றின்மேலும் ஒரு கையை வையுங்கள். மூச்சு விடும்போது முழங்கால் வயிற்றை நோக்கி வரட்டும். மூச்சு இழுக்கும்போது கை நீளும்வரை விலகட்டும். கட்டிப் பிடித்து நெரிக்கக் கூடாது. கை சும்மா கூடவே போய்வர வேண்டும், குழந்தையின் தொட்டிலைத் தொட்டுக்கொண்டிருப்பதுபோல.

எண்ணூர் நெடுஞ்சாலை

நான் இருசக்கர வண்டியில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வண்டியில். மெட்ரோ வேலைக்குத் தோண்டிய சாலைகளில் போய்வந்தால் ஒவ்வொரு பள்ளமும் நேராக வால் எலும்பில் வந்து சேரும். பாயும் இல்லை, சமையல் மேடையும் இல்லை. ஆர்டர் வரும்வரை ஓட்டல் வாசலில் நிற்கும் பத்து நிமிடம்தான் என்னுடையது. அதில் ஏதாவது செய்ய முடியுமா?

கணுக்கால்

வண்டியே உங்கள் சமையல் மேடை. இருக்கையின்மேல் இரண்டு கையையும் வைத்து, பின்னால் நகர்ந்து, அடுக்களைச் சன்னலுக்கு அம்மா சொன்னதையே செய்யுங்கள். அதோடு இன்னொன்று. ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து நின்று, பின்காலின் பிட்டத்தை இறுக்கி, அந்தப் பக்க இடுப்பை மெதுவாக முன்னே தள்ளுங்கள். தொடையின் மேற்பகுதி முன்புறத்தில் இழுப்பது தெரியும். கீழ்முதுகு முள்ளெலும்புகளில் தொடங்கி, அடிவயிற்றுக்குள் இறங்கி, தொடை எலும்பில் போய்ச் சேரும் ஒரு தசை இருக்கிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் அது குறுகிய நிலையிலேயே கிடக்கும். இறங்கி நின்றதும் நிமிர முடியாமல் கூன் போட்டு நாலு அடி நடக்கிறீர்களா? அது காரணமாக இருக்கலாம். பக்கத்துக்கு ஐந்து மூச்சு.

தோளில் மாட்டும் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். சொல்லாமலே தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

நீலாங்கரை நண்டு

எனக்கும் இந்தத் தவழும் ஆசனத்தைத் தொடங்க ஆசை. எனக்கு வலி இடுப்பில் குறைவு. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்புறம் இறங்கி, சுண்டுவிரல்வரை மின்சாரம் போல ஓடுகிறது. குனிந்தால் இன்னும் கீழே போகிறது. தும்மினால் உயிர் போகிறது. செய்யலாமா?

கணுக்கால்

வேண்டாம். இந்த இழையைப் படித்துவிட்டுச் செய்யவே வேண்டாம். நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் சொல்வது தசை இறுக்கம் போலத் தெரியவில்லை. தட்டு பிதுங்கி நரம்பைத் தொடும்போது இப்படி வருவதுண்டு. கீழ்முதுகின் கடைசி இரண்டு தட்டுகளில்தான் இது பெரும்பாலும் நடக்கும். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு முன்னால் வளைவது ஆகாது, பின்னால் மெல்ல வளைவது இதமாக இருக்கும். நியூசிலாந்தில் மெக்கென்சி என்ற இயன்முறை மருத்துவர் 1956-இல் இதைத் தற்செயலாகக் கண்டார். தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேசையில் நோயாளி ஒருவர் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்து கிடந்தது. இவர் பதறிப்போய் வந்து பார்த்தால், நோயாளி கால்வலி போய்விட்டது என்கிறாராம். அதிலிருந்து ஒரு முறையே உருவானது. ஆனால் யாருக்கு எந்தத் திசை என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். எந்த அசைவிலும் வலி காலில் கீழே இறங்கினால் நிறுத்துங்கள். காலிலிருந்து விலகி இடுப்பை நோக்கி ஏறினால், இடுப்பில் சற்றுக் கூடினாலும், அது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தொடைகளின் உட்புறமோ ஆசனவாயைச் சுற்றியோ மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது வராமல் நின்றுவிடுவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, விழுந்து அடிபட்டபின் வருவது, காரணமில்லாமல் எடை குறைவதோடு வருவது ஆகியவற்றுக்கும் ஆசனம் மருந்தல்ல.

நீலாங்கரை நண்டு

நன்றி. நாளைக்கே போகிறேன். தும்மலுக்குப் பயந்து சாம்பார்ப் பொடி அரைக்கும்போது வீட்டைவிட்டே வெளியேறிக்கொண்டிருந்தேன்.

வேளச்சேரி ஏரிக்கரை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், அலுவலகம்.

பாட்டி சொன்னதை மாலையில் செய்கிறேன். வீட்டுக்கு வந்து, குளித்து, பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டுக்கொள்கிறேன். வெறும் மொசைக் தரையில் முழங்கால் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. முதல் வாரம் எனக்கு ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. இழுப்பே இல்லை, வியர்வை இல்லை, இது என்ன ஆசனம் என்று எரிச்சலாகவே இருந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மூச்சு முதலில், உடம்பு பிறகு என்பதைக் கவனித்துச் செய்து பார்த்தேன். முடியவில்லை! என் உடம்பு எப்போதும் மூச்சுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. மூச்சு பாதியில் நிற்கிறது. ஆறு முறையில் ஒரே ஒரு முறைதான் சரியாக வந்தது. அந்த ஒரு முறை, இடுப்பு பின்னால் போகும்போது, தோள்பட்டைகளுக்கு நடுவே அந்தக் கட்டைவிரல் அழுத்தம் இருக்கிறதே, அது ஒரு நொடி விட்டுவிட்டது. சத்தமெல்லாம் இல்லை. ஈரத்துணியை முறுக்கிப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினால் துணி தானாகப் பிரியுமே, அதுபோல.

மறுநாள் அலுவலகத்தில் கவனித்தேன். கணக்கு ஒத்துவராத பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், தோளைக் காதுவரை ஏற்றிக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன் போல.

வலி முற்றிலும் போய்விட்டதா என்றால், இல்லை. வியாழக்கிழமை நீண்ட கூட்டம் இருந்தது, அன்றிரவு இறுக்கம் திரும்பி வந்தது. எட்டு முறை செய்தேன், பாதி குறைந்தது. இன்னொரு இடைஞ்சல், நான் தவழும் நிலையில் நின்றதும் என் ஏழு வயது மகள் யானை என்று முதுகில் ஏறிவிடுகிறாள். இப்போது கதவைத் தாழிட்டுச் செய்கிறேன். தண்ணீர் கேனுக்கு 180 ரூபாயில் கையால் அழுத்தும் பம்பு வாங்கிவிட்டேன். கேன் தரையிலேயே இருக்கிறது.

சந்தேகப்பிராணி

குணமானது பம்பாலா, ஆசனத்தாலா?

வேளச்சேரி ஏரிக்கரை

பம்புக்கு ரசீது இருக்கிறது. ஆசனத்துக்கு இல்லை. தணிக்கையாளன் என்ற முறையில் பம்பு என்றுதான் எழுத வேண்டும்.

மந்தைவெளிப் பாட்டி

ஆறில் ஒன்று சரியாக வந்ததா? எனக்கு அது வர இரண்டு மாதம் பிடித்தது. எட்டு வேண்டாம் தம்பி, ஆறே செய்யுங்கள். முடித்ததும் உடனே எழுந்து ஓடாமல், மல்லாந்து படுத்து, காலை நாற்காலியின்மேல் வைத்து ஐந்து நிமிடம் கிடங்கள். மகளை அப்போது உள்ளே விடலாம்.

எண்ணூர் நெடுஞ்சாலை

நேற்று அடையாறில் நல்ல மழை. ஒரு மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கி நின்றபோது இருக்கையைப் பிடித்துக்கொண்டு செய்தேன். பக்கத்தில் நின்ற வேறு நிறுவனத்துப் பையன், அண்ணா வண்டியில் என்ன கோளாறு என்று குனிந்து பார்த்தான். சொன்னேன். அவனும் தன் வண்டியைப் பிடித்துக்கொண்டு செய்தான்.

யாராவது செய்வதாக இருந்தால் நடு ஸ்டாண்டு போட்டுவிட்டுச் செய்யுங்கள். அவன் பக்க ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தான். இரண்டாவது மூச்சில் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, பெட்டியில் சாப்பாடு இல்லை.